ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டால்: ஆண்களுக்கு வரும் திடீர் நீரடைப்பு, முழுமையான வழிகாட்டி

அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணுக்கு நின்றுபோகிறது. முட்டிக்கொண்டு வருகிறது, போய் நின்றால் வரவில்லை. முக்கினால் இரண்டு சொட்டு. அடிவயிறு இறுகி வலிக்க ஆரம்பிக்கிறது. மகனிடமும் மருமகளிடமும் சொல்லக் கூச்சம். மனைவியிடம் மட்டும், "ஒண்ணுக்கு இறங்க மாட்டேங்கு" என்கிறார். திருநெல்வேலிப் பக்கம் அதற்குக் கிடைக்கிற முதல் பதில் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான்: "சூடுதான், நல்லா தண்ணியக் குடிங்க." ஒரு செம்புத் தண்ணீர், பார்லித் தண்ணீர், இளநீர், விடிந்ததும் வாழைத்தண்டுச் சாறு என்று வரிசையாக உள்ளே போகிறது. வெளியே போகிற வழியோ அடைத்துக் கிடக்கிறது.

வெயிலில் அலைந்து நீர் சுருங்கிப்போனவருக்கு அந்த வைத்தியம் சரி. நீர் அடைத்துக்கொண்டவருக்கு அதுவே கெடுதல். சிறுநீர்ப்பை ஏற்கெனவே நிறைந்து நிற்கிறது. குடிக்கிற ஒவ்வொரு டம்ளரும் சிறுநீரகம் வழியாக அதே பைக்குத்தான் வந்து சேரும். இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிட்டால், ஒரு முழு ராத்திரியின் வேதனை மிச்சமாகும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் படி: நீர்ச்சுருக்கா, நீரடைப்பா?

நீர்ச்சுருக்கில் அடிக்கடி போகவேண்டும்போல் இருக்கும், எரியும், கொஞ்சம் கொஞ்சமாக வரும், நிறம் அடர்ந்திருக்கும். ஆனால் பை காலியாக இருக்கும். அடிவயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தவருக்கும், சிறுநீரில் கிருமித் தொற்று வந்தவருக்கும் இப்படி ஆகும்.

நீரடைப்பில் தொப்புளுக்குக் கீழே நட்டநடுவில் வயிறு எழும்பி நிற்கும். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து அங்கே கையை வைத்தால் உருண்டையாக, இறுக்கமாகத் தட்டுப்படும். லேசாக அழுத்தினாலே ஒண்ணுக்கு முட்டுவது கூடும். அவரால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வேர்த்துப்போய் நடந்துகொண்டே இருப்பார். கடைசியாக நன்றாகப் போய் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். ஆறேழு மணி நேரம் ஆகியிருந்து, வழக்கம்போல் தண்ணீர் குடித்தும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். வளர்ந்தவரின் பை சாதாரணமாக 400 முதல் 600 மில்லி வரை கொள்ளும். அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் அதற்கு மேலும் இருக்கும்.

"சொட்டுதே, அப்ப அடைப்பு இல்லையே" என்று ஆறுதல் அடைய வேண்டாம். நிறைந்த பை வழிந்தும் சொட்டும். குண்டானவர்களுக்கு வயிற்றில் கைக்கு எதுவும் தட்டுப்படாமலும் போகலாம். அவர்கள் விஷயத்தில் கையை நம்பாமல் கிளம்பிவிடுவது நல்லது.

இன்னொரு வகையும் உண்டு. கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலுக்குப் பிறகு சிறுநீரகத்தில் நீரே ஊறாமல் போவது. அவருக்கு முட்டலும் இருக்காது, அடிவயிறு எழும்பியும் இருக்காது. ஆனால் பன்னிரண்டு மணி நேரமாகப் போயிருக்கவே மாட்டார், சோர்ந்து கிடப்பார். அதுவும் அவசரம்தான், வைத்தியம் மட்டும் வேறு.

நான் அதிகம் கவலைப்படுவது வலியே இல்லாத அடைப்பைப் பற்றி. பை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போய், உணர்வு மங்கிவிடும். ஒரு லிட்டருக்கு மேல் தேங்கியிருந்தும் அவர் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருப்பார். வீட்டில் தெரிகிற ஒரே அடையாளம், ராத்திரி வேட்டி நனைவது. "வயசாயிட்டு, தெரியாமப் போயிருதாரு" என்று ரப்பர் ஷீட் வாங்கிப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். புதிதாகப் படுக்கையில் நீர் பிரிய ஆரம்பித்த ஒரு பெரியவர், எதிர்மாறாகத் தெரிந்தாலும், நீர் அடைத்தவராக இருக்கலாம். தேங்கிய நீரின் அழுத்தம் பின்னோக்கிப் போய் இரண்டு சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால் வீக்கம், சாப்பாடு பிடிக்காமை, வாந்தி என்று வரும்போது, சிறுநீரகம் கெட்டதை ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் மிகவும் ஏறியிருக்கும். வேட்டி நனைகிறது என்றால் அந்த வாரத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது படி: ஏன் அடைத்தது?

ஆண்களுக்கு அடைப்பு வர முதல் காரணம் புராஸ்டேட் சுரப்பி. சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி இருப்பது. இளவயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, சுமார் 20 கிராம். நாற்பது, ஐம்பதுக்கு மேல் வளர ஆரம்பிக்கும். உள்பக்கமாக வளரும்போது குழாயை நெருக்கும். இது பெரும்பாலும் புற்றுநோய் இல்லாத வெறும் வீக்கம். எழுபதைத் தாண்டிய ஆண்களில் பத்தில் ஒருவருக்கு அடுத்த ஐந்து ஆண்டுக்குள் திடீர் அடைப்பு வருகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. எண்பதைத் தாண்டினால் அது ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.

ஆனால் சுரப்பி ஒரே ராத்திரியில் வளர்ந்துவிடாது. பல வருஷமாகவே நீர் மெலிந்து, ஆரம்பிக்க நேரம் பிடித்து, ராத்திரி மூன்று நான்கு தடவை எழுப்பிவிட்டுக்கொண்டிருக்கும். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். முக்கால் வழி ஏற்கெனவே அடைத்திருக்க, மிச்சத்தை அடைக்க ஒரு சின்னத் தூண்டுதல் போதும். அந்தத் தூண்டுதல் என்ன என்று தேடுவதுதான் காரணம் கண்டுபிடிப்பதில் பாதி வேலை.

நம்ம ஊரில் முதலில் கேட்கவேண்டியது மாத்திரை. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு வந்த பெரியவருக்குச் சளி பிடிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "அண்ணாச்சி, சளி மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுகிறார். பல சளி மாத்திரைகளில் பினைல்எப்ரின், குளோர்பெனிரமின் இரண்டும் சேர்ந்தே இருக்கும். முன்னது மூக்கடைப்பைக் குறைக்க ரத்தக் குழாயைச் சுருக்குவது. அதே வேலையைப் பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் செய்து வழியை இறுக்கும். பின்னது, பை சுருங்கி நீரைத் தள்ளும் விசையைக் குறைக்கும். வழியும் குறுகுகிறது, தள்ளும் பலமும் குறைகிறது. குளிரும் சேர்ந்துகொள்கிறது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் சாரல் சீசனில் சளிக்கு மருந்து வாங்கினால், "எனக்கு ஒண்ணுக்குப் போறதுல சிரமம் உண்டு" என்ற ஒரு வாக்கியத்தைக் கடையில் சொல்லியே ஆகவேண்டும்.

இதைவிட மோசமானது வயிற்றுவலி மாத்திரை. அடைத்துக்கொண்ட வலியை வயிற்றுவலி என்று நினைத்து டைசைக்ளோமின் சேர்ந்த மாத்திரையைப் போடுகிறார்கள், சில சமயம் ஊசியே போட்டுவிடுகிறார்கள். அது தசையைத் தளர்த்துகிற மருந்து. குடல் பிடிப்புக்குச் சரி. நிறைந்த பையைச் சுருங்கவிடாமல் அடைப்பை இன்னும் இறுக்கிவிடும். ஆணுக்கு அடிவயிற்று வலி என்றால் மாத்திரைக்கு முன்னால் ஒரு கேள்வி: கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?

கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், வலிக்கான டிரமடால், அரிப்புக்கான மாத்திரைகள், பீடி குடித்து நெஞ்சு கெட்டவர்கள் இழுக்கிற இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் இன்ஹேலர்கள் ஆகியவையும் இப்படிச் செய்யக்கூடும். மூச்சுக்கான மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது குடி. கோயில் கொடை நடக்கும் ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். மது சிறுநீரை வேகமாக ஊறவைக்கும், முட்டுகிற உணர்வையோ மழுங்கடிக்கும். பை அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் அதன் தசை சோர்ந்து, பிறகு நினைத்தாலும் சுருங்காது. குடிக்காதவர்களுக்கும் இது நடக்கும்: சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே வந்தவர், ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் நின்றுகொண்டே இருந்தவர். மலச்சிக்கலையும் லேசாக எடுக்கக் கூடாது. நான்கைந்து நாளாகப் போகாமல் கெட்டிப்பட்ட மலம் பின்னாலிருந்து நெருக்கும். ஹெர்னியா, மூலம் ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த அன்றும், மறுநாளும் அடைப்பது சகஜம். பெரும்பாலும் அது தற்காலிகம்தான்.

வயது குறைந்தவருக்கு அடைத்தால் புராஸ்டேட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடவேண்டும். நீர்க்குழாயில் தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம். முன்பு எப்போதோ நீர் இறங்க நுனிவழியாக டியூப் போட்டது, பைக் விபத்து, காலை அகட்டியபடி விழுந்து கவட்டியில் பட்ட அடி, பழைய பால்வினைத் தொற்று எல்லாம் அதற்குக் காரணம் ஆகும். சிறுநீரகத்திலிருந்து இறங்கிய கல் குழாயில் வந்து சிக்கியிருக்கலாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த நீர் சட்டென்று நின்று, நுனிவரை சுருக்கென்று வலித்தால் கல்லைச் சந்தேகிக்கலாம். நுனியில் கல் கண்ணுக்கே தெரிந்தாலும் ஊக்கு, கம்பி என்று எதையும் விட்டு நோண்டாதீர்கள். முன்தோல் இறுகி வாய் சிறுத்துப்போவதும் உண்டு. குளிர் காய்ச்சலோடு, ஆசனவாய்ப் பக்கம் வலியோடு அடைத்தால் புராஸ்டேட்டில் சீழ்த் தொற்று இருக்கலாம்.

ரத்தக் கட்டி வந்து அடைப்பது தனிக்கதை. ரத்தமாகப் போய்க்கொண்டிருந்து, கட்டி கட்டியாக வந்து, பிறகு அடைத்தால், சிறுநீர்ப்பைக்குள் புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணம் புகைதான். பீடி சுற்றும் ஊர்கள் நிறைந்த நம் சீமையில் பீடி குடிக்கும் பெரியவர்களும் நிறைய. வலியில்லாமல் ஒரே ஒரு தடவை ரத்தமாகப் போயிருந்தாலும், "அன்னிக்கு சூடு" என்று விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக நரம்பு. பல வருஷச் சர்க்கரை நோய் பையின் நரம்பை மந்தமாக்கும். அது மெதுவாக நடப்பது. முதுகுத்தண்டு நெருக்கம் அப்படி இல்லை. முதுகுவலியோடு கால் பலம் குறைந்து, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போய், மலமும் கட்டுப்படாமல், அதோடு ஒண்ணுக்கும் அடைத்தால், டியூப் போடுவது மட்டும் வைத்தியம் ஆகாது. அன்றைக்கே எம்ஆர்ஐ எடுத்து, தேவைப்பட்டால் ஆபரேஷன். ஒரு நாள் தள்ளிப்போட்டால் கால் பலம் திரும்பாமலே போய்விடலாம்.

மூன்றாவது படி: வீட்டில் எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

இருபது நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம். அடிவயிற்றில் வெந்நீர்த் துணி வைக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்கலாம். மேற்கத்திய கழிப்பறை இருந்தால் உட்கார்ந்து, பைப்பைத் திறந்துவிட்டு, அவசரப்படாமல் முயற்சி செய்யட்டும். கதவுக்கு வெளியே நாலு பேர் நின்று "வந்துட்டா, வந்துட்டா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் வருவதும் வராது.

தண்ணீரும் இளநீரும் கசாயமும் நிறுத்துங்கள். வயிற்றை அமுக்கிவிடாதீர்கள். வலி மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை எதையும் வீட்டில் கொடுக்காதீர்கள். பிரஷருக்கு என்று வீட்டில் இருக்கும் நீர் மாத்திரை சிறுநீரை ஊறவைக்குமே தவிர அடைப்பைத் திறக்காது. தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து டியூப் போட்டுவிடுவார் என்பதையும் நம்ப வேண்டாம். சுத்தமில்லாமல் அழுத்திச் சொருகினால் குழாய் கிழிந்து, அடுத்து போடுகிறவருக்கும் வழி கிடைக்காமல் போகும்.

நான்காவது படி: எங்கே போவது?

டியூப் போடத் தெரிந்த டாக்டர் இருக்கிற, மிகப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன். இராதாபுரம் பக்கத்து ஊரிலிருந்தும், பாபநாசம் மேல் பக்கத்திலிருந்தும் கார் பிடித்து நேராகப் பாளையங்கோட்டைக்கு ஓடிவருகிறார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த மனிதர் துடிக்கிறார். சாதாரண அடைப்பைத் திறப்பதற்கு சிறுநீர் நோய்க்கென்றே இருக்கும் யூராலஜி டாக்டர் தேவையில்லை. அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி, தென்காசி என்று உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையிலேயே அதைச் செய்யலாம். நீர் இறங்கி வலி அடங்கியபிறகு, மேற்கொண்டு சோதனைக்கு நிதானமாக ஹைகிரவுண்டு என்று சொல்லும் பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம். வண்டி இல்லையென்றால் 108.

சில பேரை மட்டும் நேரே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குக் கொண்டுபோவது மேல்: காலும் பலம் குறைந்தவர், ரத்தக் கட்டி வந்து அடைத்தவர், முன்பே டியூப் போகாமல் சிரமப்பட்டவர், சமீபத்தில் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர், ஒரே சிறுநீரகம் உள்ளவர். பனையிலிருந்து விழுந்தோ வண்டியில் அடிபட்டோ இடுப்பெலும்பு உடைந்து, உறுப்பின் நுனியில் ரத்தத் துளி தெரிந்தால் நீர்க்குழாய் அறுந்திருக்கலாம். அவருக்கு முதலில் நுனிவழியாகச் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். "டியூப் போடுங்க" என்று அங்கே அவசரப்படுத்தாதீர்கள். குளிர் காய்ச்சலோடு வருபவருக்கும் நேரம் கடத்தக் கூடாது. அடைத்த நீரில் தொற்று இருந்தால் சில மணி நேரத்தில் ரத்தத்துக்குப் போய்விடும்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது: அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் அட்டையோடு, கடையில் வாங்கியதும் சேர்த்து. பழைய ஸ்கேன், ரத்தச் சீட்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாதிரி ஏதாவது போட்டால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது படி: டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதல் கருவி கேள்விதான். எப்போதிலிருந்து, முன்பு நீர் எப்படிப் போய்க்கொண்டிருந்தது, ரத்தம் வந்ததா, காய்ச்சல் உண்டா, புதிதாக என்ன மாத்திரை, மலம் எப்படி, கால் மரத்திருக்கிறதா. பெரியவர் மகள் முன்னால் பதில் சொல்லக் கூசினால் நீங்கள் சற்று வெளியே போய் நில்லுங்கள். பழைய பால்வினை நோயைப் பற்றியும் குடியைப் பற்றியும் அவர் உண்மை சொல்ல அது ஒன்றே வழி.

அப்புறம் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். காற்று நிறைந்த குடல்மேல் தட்டினால் ஒலி வரும். நீர் நிறைந்த பைமேல் தட்டினால் மந்தமாக இருக்கும். அந்த எல்லை தொப்புள்வரை போனால் நிறையவே தேங்கியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் படுக்கைப் பக்கத்திலேயே ஸ்கேன் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அடைப்பு கண்கூடாகத் தெரியும்போது ஸ்கேன் அறை வாசலில் அவரை ஒரு மணி நேரம் துடிக்கவைக்கத் தேவையில்லை. முதலில் டியூப், பிறகு ஸ்கேன் என்பதே முறை.

முன்தோல், நுனித் துவாரம் பார்ப்பார். கையுறை போட்ட விரலை ஆசனவாய்க்குள் விட்டுப் பார்ப்பார். இதற்குத்தான் பலர் மறுக்கிறார்கள், சங்கடம் புரிகிறது. ஆனால் ஒரு நிமிஷச் சோதனையில் அவ்வளவு தெரிகிறது: புராஸ்டேட் எவ்வளவு பெரியது, வழவழப்பாக இருக்கிறதா அல்லது புற்றுநோய்போல் கல்லாகக் கெட்டிப்பட்டிருக்கிறதா, தொட்டால் தாங்க முடியாத வலியா, மலம் அடைத்திருக்கிறதா, ஆசனவாய்த் தசைக்கு இறுக்கம் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது முதுகுத்தண்டு நரம்பின் நிலையைக் காட்டிக்கொடுக்கும். "ஐயா, கொஞ்சம் ஒத்துழைங்க" என்று டாக்டர் கேட்டால் சம்மதியுங்கள்.

டியூப் போடுவது அடுத்தது. மரத்துப்போகும் ஜெல்லைக் குழாய்க்குள் விட்டு, சில நிமிஷம் பொறுத்து, பெரும்பாலும் 14 அல்லது 16 நம்பர் ஃபோலி டியூபை உள்ளே தள்ளுவார்கள். நீர் வந்தபிறகு உள்ளே இருக்கும் சின்ன பலூனில் தண்ணீர் ஏற்றுவார்கள். அதுதான் டியூப் நழுவாமல் பிடித்துக்கொள்வது. போகவில்லையென்றால் திரும்பத் திரும்ப முட்டக் கூடாது. தொப்புளுக்குக் கீழே மரக்க ஊசி போட்டு நேராகப் பைக்குள் டியூப் வைக்கும் முறை இருக்கிறது. பயப்படும்படியான பெரிய ஆபரேஷன் இல்லை அது.

பதினைந்து நிமிஷத்தில் எத்தனை மில்லி வந்தது என்று கேட்டு, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நோயைக் கண்டறிவதில் அந்த எண்ணுக்கு நிறைய மதிப்பு உண்டு, பல இடத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். 200 மில்லிக்குக் கீழே என்றால் வலிக்குக் காரணம் அடைப்பாக இல்லாமல் இருக்கலாம். திரும்ப யோசிக்க வேண்டும். 500 முதல் 800 என்றால் வழக்கமான திடீர் அடைப்பு. ஒரு லிட்டருக்கு மேல் போனால் இது நாள்பட்டதன்மேல் வந்த அடைப்பு. சிறுநீரகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முழுவதையும் ஒரே மூச்சில் விடக் கூடாது, நிறுத்தி நிறுத்தித்தான் விடவேண்டும் என்று முன்பு சொல்வார்கள். ஒரேயடியாக விட்டாலும் பரவாயில்லை என்பதே இப்போதைய கருத்து. கடைசியில் கொஞ்சம் சிவந்து வரலாம், பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும்.

நீரைச் சோதனைக்கும், கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்புவார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியம், சர்க்கரை. பிறகு சிறுநீரகம், புராஸ்டேட் இரண்டையும் ஸ்கேன். புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பிஎஸ்ஏ சோதனையை அன்றைக்கே எடுக்க வேண்டாம். அடைப்பும் டியூபும் தொற்றும் அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். அப்படி ஏறிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே "கேன்சர்" என்று அழுவதில் அர்த்தமில்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து எடுத்தால் நம்பலாம். ஆனால் விரலுக்குக் கல்லாகத் தட்டுப்பட்டிருந்தால் மறக்காமல் எடுங்கள்.

ஆறாவது படி: நீர் இறங்கிய பிறகு

வலி அடங்கிய அந்த நிமிஷத்தில் முகம் மாறிவிடும். "வீட்டுக்குப் போவோம்" என்பார். ஒரு லிட்டருக்கு மேல் வந்தவரையும் கிரியாட்டினின் ஏறியவரையும் விடக் கூடாது. அடைப்பு திறந்ததும் சிறுநீரகம் கட்டுப்பாடின்றி நீரைக் கொட்ட ஆரம்பிக்கலாம். மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து போனாலோ, ஒரு நாளில் 3 லிட்டரைத் தாண்டினாலோ உடலின் உப்பும் நீரும் வற்றும். பிரஷர் இறங்கி மயங்குவார். அதனால்தான் டியூபில் மாட்டிய பையில் சேர்ந்த நீரை மணிக்கு மணி அளக்கிறார்கள். இப்போது தண்ணீர் குடிக்கலாம், டாக்டர் சொல்லும் அளவுக்கு.

புராஸ்டேட்தான் காரணம் என்றால் டாம்சுலோசின் போன்ற மாத்திரை ஆரம்பிப்பார்கள். அது பையின் கழுத்தைத் தளர்த்தும். இரண்டு மூன்று நாள் கழித்து டியூபை எடுத்துவிட்டு, தானாகப் போகிறதா என்று பார்ப்பார்கள். அன்று காலையிலேயே போய், ஆஸ்பத்திரியிலேயே இருந்து, இரண்டு மூன்று தடவை நன்றாகப் போய், பிறகு எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாயங்காலம் எடுத்துவிட்டுப் போனால் நடுராத்திரி திரும்ப ஓடவேண்டியிருக்கும். போகவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். திரும்ப டியூப் போட்டு இன்னொரு தடவை பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால், அல்லது சிறுநீரகம் பாதித்திருந்தால், வெளியே கிழிக்காமல் குழாய்வழியாகவே புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் இருக்கிறது. வருஷக்கணக்கில் டியூபோடு வாழ்வதைவிட அது எவ்வளவோ மேல். "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்" என்று பிள்ளைகள் தாங்களாக முடிவெடுக்காமல் அவரையே கேளுங்கள்.

டியூபோடு வீட்டுக்கு வந்தால் நீர் சேரும் அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவையுங்கள். மறதி உள்ள பெரியவர் தூக்கக் கலக்கத்தில் அதைப் பிடுங்கினால் உள்ளே உப்பியிருக்கும் பலூன் குழாயைக் கிழித்துவிடும். குளிப்பாட்டும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், கழுவியதும் திரும்ப முன்னுக்கு இழுத்துவிடுங்கள். மறந்தால் அது இறுகி வீங்கி இன்னொரு அவசரமாகிவிடும். பையில் நீர் சேர்வது நின்று அடிவயிறு வலித்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, கெட்டியாக ரத்தம் வந்தாலோ அப்படியே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாம்சுலோசின் போட்ட முதல் சில நாள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ராத்திரி சாப்பிட்டபின் போட்டு, உட்கார்ந்து நிதானித்து எழச் சொல்லுங்கள். இன்னொன்று, இந்த மாத்திரை கண் பாவையைச் சுற்றியுள்ள திரையையும் தளர்த்தும். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், இப்போது சாப்பிட்டாலும் முன்பு எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், அட்டையைக் கொண்டுபோய்க் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவர் அதற்குத் தகுந்தபடி தயாராகிக்கொள்வார்.